ஆயுதச் சட்டமும் அணாக் காசும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியிலே காலை இறக்கி, பட்டுப் பாவில் ஜரிகை ஊடை ஓட்டிக்கொண்டிருக்கும் நெசவாளரைக் காண்பவர்கள், அவர்களுடைய கைக்கோளர் குலத்தார் ஒரு காலத்தில் சோழ மன்னர்களின் சேனையில் ஆயுதம் தாங்கி நின்றவர்கள் என்பதை எளிதில் நினைத்துப் பார்க்கமாட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களோ தெரிஞ்ச கைக்கோளர் படைகளைப் பெயர் பெயராகக் குறிப்பிடுகின்றன. எழுபத்திரண்டு நாடுகளாக வகுக்கப்பட்டிருந்த அச்சமூகத்தின் மகாநாட்டுக்குத் தலைமை ஸ்தானமாக விளங்கியதும் காஞ்சியே. அந்தக் கையிலிருந்து ஆயுதம் எவ்வாறு போயிற்று என்பதையும், அதைத் திரும்பக் கேட்டவர்கள் யார் என்பதையும் நம் சரித்திரக்காரர்கள் போதிய அளவு எழுதவில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

கர்நாடக யுத்தங்களின் காலத்தில் காஞ்சியில் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை யாவும் பிறர் கைத் துப்பாக்கிகள். 1751 டிசம்பரில் கிளைவ் இங்குள்ள பெரிய கோயிலைக் கோட்டையைப் போல முற்றுகையிட்டுப் பிடித்தான். 1780 செப்டம்பர் 10 அன்று அருகிலுள்ள புள்ளலூரில் பெய்லியின் கும்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் நிர்மூலமாக்கியபோது, காஞ்சியில் பெரும்படையோடு தங்கியிருந்த ஹெக்டர் மன்றோ, தன் கனத்த பீரங்கிகளைக் குளத்திலே தள்ளிவிட்டு, சென்னையை நோக்கி விரைந்து பின்வாங்கினான். கடைசியில் கும்பெனி நிலைத்தது. 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, தென்பாண்டிப் பாளையங்களில் ஆயுதம் ஏந்தலாகாது என்று அது பிரகடனம் செய்தது. பிறகு வைஸ்ராய் லிட்டன் பிரபு, சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய அதே 1878ஆம் வருஷத்தில், ஆயுதச் சட்டத்தால் தேசம் முழுவதன் கையையும் கட்டினார்.

ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியனுக்கு லைசென்ஸ். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை விரட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி வேண்டுமென்றால், காஞ்சிபுரத்துக் குடியானவன் ஏறக்குறைய நாற்பது மைலுக்கு அப்பால் சைதாப்பேட்டையிலிருந்த செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டரின் தயவை நாடவேண்டும். மறுத்தால் காரணம் கேட்க வழியில்லை. அதே சர்க்கார் 1861 முதலே குடகர்களை ஆயுதக் கட்டுப்பாட்டினின்றும் நீக்கி வைத்திருந்தது. அந்த விலக்கு இன்றும் குடகில் நீடிக்கிறது. ஆகவே ஆயுதம் ஆபத்தானது என்பதன்று சர்க்காரின் வாதம். நம்பத்தக்கவன் யார், தகாதவன் யார் என்று பிரஜைகளைத் தரம் பிரித்ததே அச்சட்டத்தின் உட்பொருள். நம்மவரின் மனத்தைச் சுட்டதும் அதுவே.

1887 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபையின் மூன்றாவது கூட்டம் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் சென்னையில் கூடிற்று. அதற்கு முந்திய மாதங்களில் நம் மாகாணத்தில் நடந்த வேலை இன்று நினைத்தாலும் வியப்பூட்டும். சென்னை மகாஜன சபையைச் சேர்ந்த வீரராகவாச்சாரியார், காங்கிரஸ் என்பது யாது, அது எதைக் கேட்கிறது என்று வினாவிடையாகத் தமிழில் ஒரு சிறு நூல் எழுதினார். அதன் முப்பதினாயிரம் பிரதிகள் ஊர்தோறும் பரவின. ஓர் அணா முதல் ஒன்றரை ரூபாய் வரையில், தம்மால் இயன்றதைக் கொடுத்தவர்கள் எண்ணாயிரம் பேர். சேர்ந்த தொகை 5,500 ரூபாய். ஜமீன்தாரின் ஒரே காசோலையைவிட அந்த அணாக்களுக்கு மதிப்பு அதிகம் என்பேன். ஏனெனில் அவற்றைத் தந்தவர்களில் பெரும்பாலோர் எந்தச் சபையிலும் வாய் திறக்க அதுவரை இடமில்லாதவர்கள். கூடிய 607 பிரதிநிதிகளின் முன்னே இளைஞரான விபின் சந்திர பாலர், ஆயுதச் சட்டத்தையே ரத்து செய்ய வேண்டுமென்று முழங்கினார். நிறைவேறிய தீர்மானம் அவ்வளவு தூரம் போகவில்லை. பிரஜைகள் யாவரும் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். எவருக்கேனும் அதை மறுப்பதானால், காரணத்தை எழுத்தில் பதிந்து வெளியிடவேண்டும் என்று மட்டுமே அது கேட்டது. அந்த மிதத்திலேதான் எத்தனை கௌரவம்!

கோரிக்கை சாகவில்லை. 1930இல் காந்தியடிகள் வைஸ்ராய் இர்வினிடம் வைத்த பதினொரு கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. 1931 கராச்சித் தீர்மானம் இதைப் பிரஜா உரிமைகளில் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் இதை அடிப்படை உரிமையாக்க முயன்றபோது, அம்பேத்கர் மறுத்தார்; எவரும் கடைக்குப் போய் இஷ்டம்போல ஆயுதம் வாங்கலாமென்றால் ராஜ்ய நிர்வாகம் நடவாது என்பது அவர் வாதம். அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. எனினும் சென்னைத் தீர்மானம் கேட்டது அந்த வரம்பற்ற உரிமையன்று. 1959ஆம் வருஷத்துச் சட்டமோ, வாளையும் வேலையும் பொதுவாக லைசென்ஸ் கட்டினின்றும் விடுவித்து, துப்பாக்கியை மட்டும் அதற்குள் நிறுத்தியது. லைசென்ஸ் மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதியவேண்டும் என்றும், போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் எவருக்கும் மறுக்கலாகாது என்றும் அதன் பதினான்காம் பிரிவு விதிக்கிறது.