தேர்திறன் களைக்கொல்லிகள்

பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் அழிக்கும் வேதிப்பொருள் தேர்திறன் களைக்கொல்லி எனப்படுகிறது. 1940களின் நடுவில் 2,4-டி விற்பனைக்கு வந்த நாள் முதல் இத்தகைய சேர்மங்களைத் தேடுவது வேளாண் வேதியியலின் பெரிய தொழிலாக இருந்துவருகிறது. களையைப் பார்த்துத் தாக்கும் நஞ்சைத்தான் ஆய்வகங்கள் உருவாக்குகின்றன என்பது பொதுவான எண்ணம். ஆனால் செடியைக் கொல்லும் சேர்மங்களுக்கு என்றுமே பஞ்சமில்லை. அவற்றுள், குறிப்பிட்ட ஒரு பயிரால் செரித்துவிடக்கூடியதைக் கண்டுபிடிப்பதே அரிது. தேர்திறன் பெரும்பாலும் மருந்தில் இல்லை; பயிரின் உடலில் இருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் நெல்லுக்கு வந்த புரோபனில் இதற்குத் தெளிவான சான்று. இலைக்குள் புகுந்து ஒளிச்சேர்க்கையை முடக்குவது அதன் வேலை. நெல்லிலும் குதிரைவாலிப் புல்லிலும் அது தாக்கும் இடம் ஒன்றே. நெல்லிலோ அரைல் அசைலமிடேஸ் என்ற நொதி மிகுதி. புரோபனிலை அது 3,4-டைகுளோரோஅனிலின், புரோப்பியானிக் அமிலம் என இரண்டாக வெட்டிவிடும். புல்லில் அந்த நொதி சொற்பம் என்பதால் அது கருகிச் சாகிறது. கார்பரில் போன்ற கார்பமேட் பூச்சிமருந்தையோ, ஆர்கனோபாஸ்பரஸ் மருந்தையோ சில நாள் இடைவெளியில் தெளித்துவிட்டால் நொதி முடங்கி, நெல்லும் கருகும். களைக்கொல்லி அதேதான், பயிரின் காவல் மட்டும் போய்விட்டது. மக்காச்சோளத்துக்கான மீசோட்ரையோனின் கதையும் இதுவே. 1977இல் கலிபோர்னியாவில், பாட்டில்பிரஷ் செடியின் அடியில் களை குறைவாக முளைத்ததைக் கவனித்ததில் தொடங்கிய தேடல் அது. அச்செடியில் கிடைத்த லெப்டோஸ்பெர்மோன் என்ற சேர்மத்துக்கு வீரியம் போதவில்லை. அதையொட்டிய ட்ரைகீட்டோன்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, மீசோட்ரையோன் சந்தைக்கு வர 2001 ஆயிற்று. களையின் இலை வெளுத்துப்போகிறது. மக்காச்சோளம் மருந்தை விரைவாகச் சிதைத்துத் தப்பிக்கிறது.

விதை விழும் ஆழம், தெளிக்கும் பருவம் ஆகியவையும் பயிரைக் காக்கின்றனவே என்று கேட்கலாம். காக்கின்றன, ஆனால் மண்ணின் மேலடுக்கில் தங்கவேண்டிய மருந்தை ஒரு கனமழை வேர்வரை இறக்கிவிட்டால் அந்தக் காப்பு தீர்ந்தது. மரபணு மாற்றம் வந்தபின் இந்தத் தேடலே வீண் என்பது இன்னொரு வாதம். எந்தச் செடியையும் விடாத கிளைபோசேட்டைத் தாங்கும் சோயா 1996இல் அமெரிக்க வயல்களுக்கு வந்தது உண்மை. அங்கே மாற்றப்பட்டதும் மருந்தல்ல, பயிர்தான். இந்த வாதம் மேற்சொன்னதை மறுக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது.

பயிருக்கு வாய்த்த செரிமானம் களைக்கும் வாய்க்கலாம் என்பதே இதில் உள்ள சிக்கல். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் நெல்வயல்களில் புரோபனிலுக்கு அடங்காத குதிரைவாலிப் புல் தலையெடுத்தபோது, அதைக் காப்பாற்றியதும் நெல்லைக் காத்த அதே வகை நொதிதான். களை அத்தகைய நொதியைப் பெருக்கிக்கொள்வது எவ்வளவு எளிது என்று சோதிக்காமல் புதிய சேர்மம் ஒன்றைச் சந்தைக்கு அனுப்புவது அரைகுறை ஆய்வு.