ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண்

விருத்தாசலத்துச் சூளைகளில் வேகும் பீங்கானில் பொம்மையும் உண்டு, மின்கம்பத்தில் ஏறும் இன்சுலேட்டரும் உண்டு. கம்பியில் ஓடும் மின்சாரம் கம்பத்தில் இறங்காமல் தடுப்பது அந்த இன்சுலேட்டரின் வேலை. ஆனால் 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில், காந்தப்புயல் தூண்டிய மின்னோட்டம் டிரான்ஸ்ஃபார்மர்களின் எர்த் வழியாகவே மின்கட்டமைப்புக்குள் புகுந்தது. சுமார் ஒன்றரை நிமிடத்தில் மாகாணமே இருண்டது. பீங்கான் என்ன செய்யும், பாவம்!

அதைவிடப் பெரிய புயல் ஒன்றுக்குச் சாட்சி நம் பம்பாயில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கொலாபா ஆய்வகத்தில் காந்தமானியை மணிக்கு ஒருமுறை கண்ணால் பார்த்துக் கையால் எழுதுவார்கள். அளவு தாறுமாறாக ஆடினால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, சமயத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. 1859 செப்டம்பர் 2 அன்று கிடைமட்டக் காந்தப்புலம் சுமார் 1600 நானோ டெஸ்லா சரிந்தது. அந்த இடத்தின் புலத்தில் இது ஏறக்குறைய நான்கு சதவீதம்.

ஏன் சரிந்தது? பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய நேர்மின் துகள்கள் மேற்காகவும் எலக்ட்ரான்கள் கிழக்காகவும் நகரும். இரண்டும் சேர்ந்தால் மேற்கு நோக்கிய ஒரு மின்வளையம். அதன் புலம், தரையில் பூமியின் புலத்துக்கு எதிராக நிற்கும். துகள்களின் மொத்த ஆற்றல் கூடக்கூட, தரையில் சரிவும் அதே விகிதத்தில் கூடும்.

அந்த மொத்தத்தைச் சுமப்பது யார்? 1958ல் ஜேம்ஸ் வான் ஆலன் கண்டறிந்த கதிர்வீச்சுப் பட்டைகளில் கோடிக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்கள் உண்டு. புகழெல்லாம் அவற்றுக்குத்தான், ஆனால் எண்ணிக்கை கம்மி. புயலின்போது பெரும்பங்கைச் சுமப்பவை சுமார் 10 முதல் 200 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான நடுத்தரத் துகள்கள். தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணம், கூட்டமாகச் சேர்ந்தால் காந்தமானியே ஆடிப்போகும்.

கொலாபாவின் பதிவுகளை 2003ல் இந்தியப் புவிகாந்தவியல் நிலையத்தின் லக்கினா, அலெக்ஸ் ஆகியோரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் மீண்டும் எடுத்துக் கணக்கிட்டார்கள். சரிவு முழுவதும் மின்வளையத்தால்தானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. விவாதிக்க முடிவதே அந்த எண்கள் இருப்பதால்தான்.

"லாக் எல்லாம் யாருங்க படிக்கப்போறா?" என்று என் தொழிலில் அடிக்கடி கேட்பார்கள். கொலாபாவில் எழுதியதைப் படிக்க 144 வருஷம் கழித்து ஆள் வந்தது. அன்றைக்கு யாராவது "இவ்வளவு இறங்காதே" என்று ஒரு எண்ணைத் திருத்தியிருந்தால், அந்தப் புயல் நமக்குச் சின்னதாகவே தெரிந்திருக்கும்.