மோடத்தின் இரண்டாவது விளக்கு

பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் பிராட்பேண்ட் தொடங்கியது. அது போடிப் பக்கம் வந்த காலத்து மோடம் பலருக்கு ஞாபகம் இருக்கும். ‘ஏ.டி.எஸ்.எல்.’ விளக்கு நிலையாக எரியும். ‘இன்டர்நெட்’ விளக்கு மட்டும் எரியாது. கம்பி சரி, தொடர்பு இல்லை. ஏன் அப்படி என்பதற்குப் பின்னால் ஒரு சின்னச் சரித்திரம் இருக்கிறது.

தொலைபேசிக் கம்பியில் இரண்டு கணினிகளை இணைக்க 1980களில் ‘ஸ்லிப்’ என்ற எளிய முறை இருந்தது. அதில் பிழை சரிபார்ப்பு கிடையாது. எதிர்முனையில் யார் என்று கேட்கவும் வழியில்லை. அதற்கு மாற்றாக வந்ததுதான் பி.பி.பி., முனைக்கு முனை நெறிமுறை. 1989இல் முதலில் வெளியாகி, 1994 ஜூலையில் இன்றைய வடிவம் பெற்றது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ‘ப்ரோத்தோகோல்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் மூலம் கிரேக்கம்: பாப்பிரஸ் சுருளில் ஒட்டிய முதல் தாள் என்று பொருள். முதல் தாள் சரியில்லாவிட்டால் கோப்பு நகராது என்பது எந்த குமாஸ்தாவுக்கும் தெரியும். பி.பி.பி.யும் அப்படித்தான்.

முதலில் இரு முனைகளும் நிபந்தனை பேசும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிப்பது போல, ஒருவர் கேட்பார். மற்றவர் ‘சரி’ என்பார், அல்லது ‘அது வேண்டாம், இது’ என்பார், அல்லது ‘அந்தப் பேச்சே வேண்டாம்’ என்பார். அடுத்து, ‘நீ யார்?’ என்ற கேள்வி. ‘பாப்’ முறையில் கடவுச்சொல் அப்படியே கம்பியில் போகும். ‘சாப்’ முறையில் போகாது, ஒரு புதிருக்கு விடை மட்டும் போகும். கடைசியாக உங்களுக்கு ஓர் ஐ.பி. முகவரி கிடைக்கும். அப்போதுதான் இரண்டாவது விளக்கு எரியும்.

1999இல் இதையே ஈதர்நெட் மேல் ஓட்டும் பி.பி.பி.ஓ.இ. வந்தது. நம் மோடத்தில் வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35 என்று பதிந்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தது இதற்காகத்தான்.

தொடர்பின் அருமை ஏலமலைக்காரர்களுக்கு 2020இல் நன்றாகவே புரிந்தது. ஏலக்காய் விலை கணினியில்தான் முடிவாகிறது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையங்களில் ஒன்று போடியில், மற்றொன்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் புத்தடியில். ஆனால் அப்போது வியாபாரி அந்த அரங்குக்குள் வந்து உட்கார்ந்தால்தான் விலை கேட்க முடிந்தது. ஊரடங்கில் ஏலம் நின்றது. மே கடைசியில் மீண்டும் தொடங்கியபோதும் எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. வாங்குபவர் குறைந்தால் நஷ்டம் யாருக்கு என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021 நவம்பரில்தான் இரண்டு மையங்களையும் இணைத்து, ஒரே ஏலத்தை இரு ஊரிலிருந்தும் கேட்கும் முறையை வாரியம் சோதனையாகத் தொடங்கியது. மெட்டு ஏறாமலே போடிக்காரர் புத்தடிச் சரக்குக்கு விலை சொல்லலாம் என்றாயிற்று.

இப்போது செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது. பி.எஸ்.என்.எல். ஃபைபரிலும் அதே பி.பி.பி.ஓ.இ.தான். விளக்கு எரியவில்லையா? லைன்மேனைக் கூப்பிடுமுன் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை பாருங்கள்.