ஊருக்கு முன் நிற்கும் பெயர்

அரியலூரை அடுத்த கீழப்பழுவூரைச் சோழர்காலக் கல்வெட்டு ‘குன்றக் கூற்றத்துப் பிரமதேயம் சிறுபழுவூர்’ என்று குறிக்கிறது. கூற்றம் என்பது ஊர்களின் தொகுதி; பிரமதேயம் என்பது அந்தணர்க்கு அளிக்கப்பெற்ற ஊர் என்னும் தன்மை. ஒரே பெயருடைய ஊர்கள் பல உண்டு. தொகுதியைச் சொல்லாவிடின், கொடையளித்த நிலம் எவ்வூரது என்ற வழக்கு எழுமன்றோ?

1998இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். என்னும் கணிப்பொறிக் குறிமொழியிலும் இதே சிக்கல் உண்டு. ஒரே சொல்லை இரு துறையினர் இரு பொருளில் ஆள்வர். அதனைத் தீர்க்க 1999இல் ‘பெயர்வெளி’ விதி வகுக்கப்பெற்றது. சொல்லின் முன்னொட்டு அதன் தொகுதியைக் காட்டும். தன்மையோ பண்புக்கூறாக மேற்கோட்குறிக்குள் நிற்கும். பெயர்வெளியை முறைப்படி அறிவியாது முன்னொட்டை மட்டும் ஒட்டினால், அதனைப் படிக்கும் நிரல் பிழையென்று தள்ளிவிடும்.

இன்று கல்வெட்டுகளையே அக்குறிமொழியிற் பதிகின்றனர். கல்லாயினும் கணிப்பொறியாயினும், பெயர் தெளிந்தால்தான் உரிமை தெளியும்.