"இவன்ட வயசில நான்..." - பதினைந்து வயதுக்கும் ஒரு வரலாறு உண்டு



கடந்த தவணையில் ஒரு வாப்பா தன் மகனைக் கூட்டிக்கொண்டு நமது பாடசாலைக்கு வந்தார். மகன் தரம் 10. வீட்டில் யாரோடும் பேச்சில்லை. ரியூஷனுக்கு என்று சொல்லிவிட்டு வேறெங்கோ இருக்கிறான். போனைப் பறித்தால் சாப்பிட மறுக்கிறான். வாப்பா சொன்னார்: "சேர், இவன்ட வயசில நான் கடையில நிண்டு வீட்டுக்குக் காசு அனுப்பின. இவனுக்கு என்ன குறை?" மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊரில் எத்தனையோ வீடுகளில் கேட்கப்படும் கேள்விதான் இது. கோபத்தில் வந்தாலும் இது ஒரு வரலாற்றுக் கேள்வி. பதில் தேடினால் நம் பிள்ளைகளை வேறு கண்ணால் பார்க்கலாம்.

நமது மூத்தம்மாமார் காலத்தில் இருந்தது இரண்டே நிலைதான்: ஒன்று பிள்ளை, மற்றது பெரியவர். பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆனதும் பள்ளிக்கூடம் நிற்கும். "வீட்டில் குமர் இருக்கு" என்ற கவலை தொடங்கும். அடுத்தது கலியாணம். ஆண்பிள்ளை இளந்தாரி ஆகுமுன்பே வயலுக்கோ, தோணிக்கோ, தூரத்து ஊர்க் கடைக்கோ போய்விடுவான். 1901 குடிசனமதிப்பின்படி நாட்டில் பெண்களின் சராசரித் திருமண வயது ஏறக்குறைய 18. 1981இல் அது 24ஐத் தாண்டிவிட்டது.

இடையில் வந்தது பள்ளிக்கூடம். 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் மன்றாட வேண்டியிருந்தது. 1892இல் கொழும்பில் ஸாஹிராவுக்கு வித்திடப்பட்டது. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. அதே ஆண்டில் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். காசில்லாமல் படிப்பு நின்றுவிடக்கூடிய பிள்ளையைத் தாங்குவதுதான் அதன் நோக்கம். 1998இலிருந்து 14 வயது வரை பாடசாலை செல்வது கட்டாயமானது. 2016இல் அது 16 ஆக உயர்ந்தது.

இவையெல்லாம் நாம் போராடிப் பெற்ற நன்மைகள். ஆனால் இவற்றோடு ஒரு புதிய வயதும் நம் வீடுகளுக்குள் வந்தது. உடம்பு வளர்ந்துவிட்டது, உழைப்பு இல்லை, பொறுப்பு இல்லை, முடிவெடுக்கும் உரிமையும் இல்லை. சாதாரண தரம், உயர்தரம், அதன் பிறகு பல்கலைக்கழக வரிசை என்று ஏழெட்டு வருடக் காத்திருப்பு. அந்த வாப்பா பதினைந்தில் உழைத்தார். மகன் பதினைந்தில் காத்திருக்கிறான். இரண்டும் ஒன்றல்ல.

இது நமது ஊருக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹோல் 1904இல் இந்தப் பருவத்தைப் பற்றி இரண்டு பெரிய பாகங்களில் எழுதி, இதைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்த காலம் என்றார். 1928இல் மார்கரெட் மீட், சமோவா தீவில் பெண்பிள்ளைகள் இந்த வயதை அவ்வளவு கொந்தளிப்பில்லாமல் கடக்கிறார்கள் என்று எழுதினார். அவருடைய ஆய்வை மறுத்தவர்களும் உண்டு. ஆனாலும் பிள்ளையைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதும் முக்கியம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. விளைவை யோசித்து நிதானிக்க உதவும் மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. நமது பாடநூல்கள் இதைத்தான் கட்டிளமைப் பருவம் என்கின்றன.

நமது மார்க்க மரபுக்கும் இது புதிதல்ல. பாலிக் ஆவது ஒன்று, ருஷ்து எனும் பக்குவம் வருவது வேறொன்று. பருவமடைந்த அநாதைப் பிள்ளையிடமும் பக்குவத்தைக் கண்ட பிறகே சொத்தை ஒப்படைக்க வேண்டும். இப்னு உமர் (ரழி) 14 வயதில் உஹதுக்கு வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. 15 வயதில் அகழ்ப் போரில் அனுமதித்தார்கள். காத்திருக்க வைத்தார்கள், ஆனால் நேரம் வந்ததும் இடம் கொடுத்தார்கள்.

அன்று அந்த வாப்பாவிடம் நாம் ஒன்றே ஒன்று கேட்டோம்: "கடையில நிண்ட காலத்தில உங்களோட யார் இருந்த?" கொஞ்ச நேரம் யோசித்தார். முதலாளியோடு ஒரே சஹனில் சாப்பிட்டது, கணக்குப் பிழைத்தபோது மூத்த பொடியன் ஒருவர் ஏச்சிலிருந்து காப்பாற்றியது, இரவில் எல்லாரும் கடைக்குள்ளே படுத்துக் கதைத்தது எல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார்.

பழைய காலத்துப் பதினைந்து வயதுக்காரனுக்குக் கஷ்டம் இருந்தது. ஆனால் நாள் முழுக்க அவனைச் சுற்றிப் பெரியவர்கள் இருந்தார்கள். இன்றைய பிள்ளை பகலில் அதே வயதுப் பிள்ளைகளோடும் இரவில் போனோடும் இருக்கிறான். பெரியவர்கள் அவனிடம் பேசுவது மார்க்ஸ் கேட்க மட்டும்தான். நாம் அவனுக்குப் படிப்பைக் கொடுத்தோம், கூட்டை எடுத்துவிட்டோம்.

ஆகவே ஒரு நாளைக்கு ஒரு சாப்பாடாவது பிள்ளையோடு சேர்ந்து சாப்பிடுவோம். அந்த நேரத்தில் மார்க்ஸ் கதை வேண்டாம். பிழை செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வோம், மச்சான்மார் முன்னால் வேண்டாம். வீட்டுச் செலவுக் கணக்கு, கடைச் சாமான், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி பகிர்வது என்று உண்மையான ஒரு பொறுப்பைக் கொடுப்போம். குமர்ப்பிள்ளைகளிடம் காவல் மட்டும் போதாது, அவர்களுடைய கருத்தையும் கேட்போம். பெறுபேறு வருமுன்பே "என்ன வந்தாலும் வீட்டுக்கு வா" என்று சொல்லி வைப்போம். தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாம் வாரக்கணக்கில் மாறினால் அதை வெறும் திமிர் என்று நினைக்க வேண்டாம். 1926 தேசிய உளநல உதவி இலக்கம், 1929 சிறுவர் உதவி இலக்கம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

அந்த வாப்பாவும் மகனும் திரும்பிப் போகும்போது ஒரே மோட்டார் சைக்கிளில்தான் போனார்கள். மகன் ஓட்டவில்லை, அதற்கு இன்னும் வயது வரவில்லை. பின்னால் இருந்து வாப்பாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டு போனான்.

நமது பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. உங்கள் வீட்டுப் பதினைந்து வயதோடு இன்றிரவு பத்து நிமிடம் உட்காருங்கள்.