அன்னம்மாள் மலையும் வடக்கன்குளத்துச் சுவரும்

சமயத்தின் வரலாறு கோயிற் கட்டடங்களின் வரலாறு அன்று. அவற்றை நோக்கி நடந்த மக்களின் வரலாறே அது. இவ்வுண்மையைக் காண விழைவோர் பினாங்குத் தீவினின்று கடல் கடந்து எதிர்க்கரைக்கு வருதல் வேண்டும். ஆங்கே, புக்கிட் மெர்தாஜம் மலையடியில், ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் அர்ச். அன்னம்மாள் திருவிழா நடைபெறுகின்றது. அதற்கு ஒரு லட்சம் மக்கள் வரையிற் கூடுவர் என்ப. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளிலும் பூசை நிகழ்கின்றது. பல்லாண்டு கோயிற்படி மிதியாதோரும் அக்கூட்டத்திடை மெழுகுதிரி ஏந்தி நின்றபின் தம் விசுவாசம் மீண்டதென்பர். அங்ஙனம் மீண்டது யாது? எதனால் மீண்டது? ஆராய்வோம்.

பினாங்கிற் கத்தோலிக்கம் வேரூன்றியது 1786-இல். பிரான்சிஸ் லைட் தீவைக் கைக்கொண்ட அவ்வாண்டிலேயே கர்னோ பாதிரியார் கடாரத்துக் கிறிஸ்தவர்களுடன் ஜார்ஜ் டவுனிற் குடிபுகுந்தார். எதிர்க்கரையின் மலையில் 1846-இல் ஒரு சிற்றாலயம் எழுந்தது. சீனக் குடியானவர்கள் அதனைச் சூழ்ந்து வாழ்ந்தனர். பின்னர், 1888-இல், பிரெஞ்சுக் குருவாகிய சோரின் பாதிரியார் கட்டிய ஆலயம் இன்றும் அங்கே நிற்கின்றது. 1948-இல் தொடங்கிய அவசரகாலம் பழைய ஆலயத்தை மக்களினின்று பிரித்தது. ஆயினும் மக்கள் அதனை மறந்தாரல்லர். 2002-இல் பெரியதொரு புத்தாலயம் திறக்கப்பெற்றது. 2019-இல் உரோமாபுரி அதற்குப் பசிலிக்கா என்னும் சிறப்பை அளித்தது.

இவ்விழாவில் தமிழர் பங்கு சிறிதன்று. வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்தவருள் கத்தோலிக்கரும் இருந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. லயத்து வாழ்வோ நெடுநாள் ஒழியவில்லை. ஒரு தோட்டத்தில் ஒன்றிரண்டு குடும்பங்களாய் வாழ்ந்தோர்க்குக் குருவைக் காண்பதே அரிது. நாள் முழுதும் கிராணியார் ஏட்டில் ஒரு பெயராகவும், கங்காணியார் வாயில் ஓர் ஏவலாகவும் இருப்பவன் தன்னை மனிதன் என்று உணர்வது எங்ஙனம்? மலையடியில் அவன் பல்லாயிரவருள் ஒருவனாகின்றான். அவன் மொழியில் மன்றாட்டு ஒலிக்கின்றது. அவன் ஏந்திய திரியும் துரை ஏந்திய திரியும் ஒரே ஒளியைத் தருகின்றன. 'யானும் ஒரு பெருங்குடும்பத்தான்' என்னும் அவ்வுணர்ச்சியே மீண்ட விசுவாசத்தின் கரு என்பது எமது கருத்து.

அன்னம்மாளின் பெயர் சுவிசேஷங்களில் இல்லை. யாக்கோபு பெயரால் வழங்கும் இரண்டாம் நூற்றாண்டு நூலொன்றே அவரை மரியாளின் அன்னையென உரைக்கின்றது. எனவே மக்கள் நாடுவது அரசியை அன்று; வீட்டுப் பாட்டியை. பாட்டியின் முன் பேரர் அனைவரும் சமமன்றோ?

ஈண்டு ஒரு தடை எழும். கூட்டம் கூடுதலே சமத்துவம் ஆகுமா? ஆகாது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தைப் பாருங்கள். அங்கே 1872-இல் எழுந்த ஆலயம் இரு பிரிவாகக் கட்டப்பெற்றது. வேளாளர் ஒருபுறம், நாடார் முதலியோர் மறுபுறம், இடையே சுவர். ஒரே பீடம், ஒரே பூசை, ஒரே கடவுள். ஆயினும் சுவர் தானே விழவில்லை. 1910-இல் கௌசானல் பாதிரியார் அதனை இடிப்பித்தார். எதிர்த்தோர் நீதிமன்றம் ஏறினர்; நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. சுவரை வீழ்த்தியது செபம் மட்டுமன்று, துணிந்த கையுமாகும்.

புக்கிட் மெர்தாஜத்தில் அத்தகைய சுவர் இல்லை என்று நாம் மகிழலாம். ஆனால் கப்பலேறி வந்தது ரப்பர் சீவும் கை மட்டுமோ? சாதியும் உடன் வந்தது. தேரின் பின் தோளோடு தோள் நடந்தவர் வீடு திரும்பியதும் பெண் கொடுக்கவும் கொள்ளவும் குலம் வினவுகின்றனர். அது கல்லாலாகாத சுவர். தமிழ்நாட்டு ஆயர்களிடம் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசரே 2003-இல் சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேச நேர்ந்ததென்றால், அச்சுவரின் வலிமையை அளந்துகொள்க.

இதனால் திருவிழா வீண் என்பது எம் கொள்கையன்று. ஓரிரவேனும் சமத்துவத்தைச் சுவைத்தவனே அதன் இன்மையை மறுநாள் உணர்வான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் கலைந்து, மக்கள் நகர்ப்புறங்களிற் சிதறிய இக்காலத்தில் அச்சுவை முன்னினும் வேண்டற்பாலது. எனினும், மலையிற் பெற்ற விசுவாசம் மெய்யானதா என்பதை மலையில் அறியவியலாது. அடுத்த வீட்டானை எப்பெயரால் விளிக்கின்றோம், யாருடன் உண்கின்றோம், யார் வீட்டிற் சம்பந்தம் செய்கின்றோம் என்பவற்றிலேதான் அறியலாம். திரி அணைந்தபின் எஞ்சும் ஒளி யாதோ, அதுவே விசுவாசம்.