பேங்கை மூடாமலே பிரதி எடுத்த கதை

இன்னைக்கு எபிசோட் மெயின்ஃப்ரேம் பத்தி. பழைய கம்ப்யூட்டர்தான், ஆனா உலகத்துப் பெரிய பேங்குகள்ல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

பெரும்பாக்கத்துல வீடு, சோழிங்கநல்லூர்ல ஆபீஸ்னு இருக்குற உங்க ஃப்ரெண்ட்ஸ்ல மெயின்ஃப்ரேம் வேலை பாக்குறவங்க யாராவது இருக்கலாம். அவங்க காலைல 9:30-க்கு லாகின் பண்ணும்போது, குளிர்காலமா இருந்தா நியூயார்க்ல முந்தின நாள் ராத்திரி 11 மணி. ஒரு புது ப்ரோக்ராமை சோதிக்கணும்னா, பேங்கோட உண்மையான டேட்டாபேஸ்ல கை வைக்க முடியாது. அதோட குளோன் ஒண்ணு வேணும். ஒரிஜினல் ஓடிக்கிட்டே இருக்கும்போது அந்தக் குளோனை எப்படி எடுக்குறாங்க?

5,000 ரூபாய் முளைச்ச கதை

நீங்க அம்மாவுக்கு 5,000 ரூபாய் அனுப்புறீங்கன்னு வைங்க. உங்க கணக்கு ஒரு டிஸ்க்ல, அம்மா கணக்கு இன்னொரு டிஸ்க்ல. உங்க டிஸ்க்கை காப்பி எடுத்தப்போ பணம் இன்னும் போகல. அம்மா டிஸ்க்கை எடுக்கும்போது பணம் வந்து சேர்ந்தாச்சு. இப்போ காப்பியில அந்தப் பணம் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு! அதனால எல்லா டிஸ்க்கும் ஒரே நொடியைக் காட்டணும். கஷ்டமே அதுலதான்.

ஐபிஎம் சிஸ்டம்/360 அறிவிச்சது 1964-ல. 1973-ல நம்ம ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370/155 வந்தது. அந்தக் காலத்துல பேங்க் கம்ப்யூட்டர்களுக்கு இதுக்கு வழி சுலபம். சாயங்காலம் கவுன்ட்டரை மூடு, எல்லாத்தையும் நிறுத்து, ராத்திரி முழுக்க டேப்ல காப்பி எடு. ஏடிஎம் வந்ததும் அந்த ராத்திரி சுருங்கிப்போச்சு. ரெண்டு மணிக்கும் யாரோ ஒருத்தர் பணம் எடுப்பாரே!

1990-கள் கடைசியில ஒய்2கே வந்தது. 2000-ஆம் வருஷம் பொறந்தா ப்ரோக்ராம்கள் என்ன பண்ணும்னு பாக்கணும்னா, கடிகாரத்தை முன்னாடி தள்ளி வச்சு சோதிக்கணும். ஓடுற பேங்க்ல அதைச் செய்ய முடியுமா? அதுக்குன்னு தனியா காப்பி வேணும். சென்னை ஐடி கம்பெனிகள் மெயின்ஃப்ரேம்ல பெரிய அளவுல கால் பதிச்சதும் இந்த வேலையாலதான்.

சில நொடி இடைவெளி

1997-ல இஎம்சி கம்பெனி டைம்ஃபைண்டர்னு ஒண்ணு கொண்டுவந்தது. ஒரிஜினல் டிஸ்க்ல எழுதுறதெல்லாம் இன்னொரு டிஸ்க்லயும் சேர்ந்து எழுதப்படும். வேணுங்குறப்போ அந்தத் துணை டிஸ்க்கை வெட்டிவிடலாம். அடுத்து ஐபிஎம்மோட ஃப்ளாஷ்காப்பி. "காப்பி முடிஞ்சது"னு இது சில நொடியில சொல்லிடும். உண்மையில அதுக்குள்ள டேட்டா எதுவும் நகர்ந்திருக்காது. எது எங்க இருக்குன்னு ஒரு வரைபடம் மட்டும் போட்டிருக்கும். ஒரிஜினல்ல ஒரு பகுதி மாறப்போகுதுன்னா, பழசை முதல்ல குளோன் பக்கம் எடுத்து வச்சுட்டு அப்புறம்தான் மாத்தவிடும்.

டேட்டாபேஸும் ஒத்துழைக்கணும் இல்லையா? டிபி2-ல எந்த மாற்றமும் முதல்ல லாக்ங்குற பதிவேட்டுல ஏறணும். 'செட் லாக் சஸ்பெண்ட்'னு ஒரு கட்டளை குடுத்தா அந்தப் பதிவு நின்னுடும். படிக்கிறவங்க படிச்சுக்கலாம், மாத்துறவங்க மட்டும் காத்திருப்பாங்க. அந்த இடைவெளியில வரைபடத்தைப் போட்டுட்டு, லாக்கை மறுபடி திறந்துவிடுவாங்க. பணம் எடுக்குறவருக்கு ஏடிஎம் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

குளோனை எழுப்பும்போது, அது கரண்ட் போய் வந்த கம்ப்யூட்டர் மாதிரி நடந்துக்கும். லாக்கைப் படிச்சு, முடிஞ்ச பரிவர்த்தனைகளை வச்சுக்கும், பாதியில நின்னதை ரத்து பண்ணும். அம்மாவுக்குப் பணம் போயிருக்கும், இல்ல உங்ககிட்டயே இருக்கும். ரெண்டு பக்கமும் இருக்காது.

குளோன்ல இருக்குறது யாரு?

ஒரு ராத்திரி எடுத்துக்கிட்ட காப்பி சில நொடிக்கு வந்தாச்சு. காப்பி எடுக்குறது சுலபமானா என்ன ஆகும்? நிறைய காப்பி எடுப்பாங்க. சோதனைக்கு ஒண்ணு, பயிற்சிக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் நிஜ மனுஷங்களோட பேரு, சம்பளம், கடன். ஒரிஜினலுக்கு இருக்குற காவல் சோதனைக் காப்பிக்கு இருக்கணும்னு கட்டாயமில்ல.

பேரை அழிச்சா போதுமா? 2000-ல லதான்யா ஸ்வீனிங்குற ஆராய்ச்சியாளர் ஒரு கணக்கு போட்டாங்க. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, இந்த மூணு இருந்தாலே அமெரிக்கர்கள்ல சுமார் 87% பேரைத் தனியா அடையாளம் காண முடியும்னு வந்தது. அதனால மாஸ்கிங் பண்றவங்க இந்த மூணையும் சேர்த்து மறைக்கணும். அதோட, ஒருத்தருக்குக் குடுத்த பொய்ப் பேரு எல்லா டேபிள்லயும் ஒரே மாதிரி வரணும், இல்லன்னா சோதனையே ஓடாது.

ஐரோப்பாவுல 2018-ல ஜிடிபிஆர் அமலுக்கு வந்தது. இந்தியாவுல 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறுச்சு. ஆனா சோதனைக் காப்பியைத் தினமும் தொடுறது ஓஎம்ஆர்ல உக்காந்திருக்குற நம்ம ஆளுங்கதான். நீங்க அந்த வேலையில இருந்தா, நாளைக்கு டேபிளைத் திறக்கும்போது முதல் பத்து வரியைப் பாருங்க. நிஜப் பேரு மாதிரி தெரிஞ்சா, அந்த டிக்கெட்டை முடிக்கிறதுக்கு முன்னாடி லீடுகிட்ட கேட்டுடுங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.